பாஸ்போர்ட் பேசும் ஆங்கிலம்

1862-ஆம் ஆண்டு. இன்றைய தாய்லாந்தான சயாமின் மன்னர் மோங்குட்டுக்கு ஓர் ஆங்கில ஆசிரியை தேவைப்பட்டார். அரண்மனையில் மனைவியரும் பிள்ளைகளும் ஏராளம். அவர்களுக்கு ஆங்கிலம் வர வேண்டும். ஆனால் பாடத்தோடு ஒட்டிக்கொண்டு மதமாற்றம் உள்ளே வரக் கூடாது. அதற்கு முன் வந்து போன மிஷனரிப் பெண்கள் பாடத்தைவிடப் பிரசங்கத்தில் அதிக அக்கறை காட்டியதில் மன்னருக்குச் சலிப்பு. சிங்கப்பூரில் இருந்த அவருடைய பிரதிநிதி டான் கிம் சிங் விசாரித்து ஒருவரைத் தேடிக் கொடுத்தார். அன்னா லியோனோவென்ஸ். சிங்கப்பூரில் சின்னதாக ஒரு பள்ளிக்கூடம் நடத்திவந்த இளம் விதவை. தாம் வேல்ஸில் பிறந்தவர் என்றும், கணவர் பிரிட்டிஷ் ராணுவ அதிகாரியாக இருந்தவர் என்றும் அவர் சொல்லிக்கொண்டார். ஐந்து ஆண்டுகள் பாங்காக்கில் பாடம் நடத்தினார். பிற்பாடு மன்னரான இளவரசர் சுலாலங்கோர்ன் அவருடைய மாணவர்களில் ஒருவர். பிறகு அமெரிக்கா போய், 1870-ல் அவர் வெளியிட்ட அரண்மனை நினைவுகள் பின்னாளில் பிராட்வே இசை நாடகமாகவும் ஹாலிவுட் படமாகவும் மாறி உலகம் சுற்றின. தாய்லாந்தில் மட்டும் அந்தப் படத்துக்குத் தடை.

1970களில் ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைப் புரட்டியபோதுதான் குட்டு வெளிப்பட்டது. அன்னா பிறந்தது வேல்ஸில் இல்லை. 1831-ல், மகாராஷ்டிரத்தின் அகமதுநகரில். கணவர் அதிகாரி இல்லை, சாதாரண எழுத்தர். பாட்டி வழியில் இந்திய ரத்தம் இருந்திருக்கலாம் என்றும் ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். மறைத்ததற்காக அந்தப் பெண்மணியைக் குறை சொல்லத் தோன்றவில்லை. இரண்டு பிள்ளைகளோடு நின்ற விதவை அவர். இந்தியாவில் பிறந்தவள் என்று உண்மையைச் சொல்லியிருந்தால் அந்த வேலை கிடைத்திருக்குமா?

நூற்றறுபது ஆண்டுகள் கடந்தும் அந்தக் கேள்விக்கு வயதாகவில்லை. தென்கொரியாவில் ஆங்கில ஆசிரியராகப் போக ஈ-2 என்ற விசா வேண்டும். அதைப் பொதுவான வழியில் பெறக்கூடியவர்கள் ஏழு நாட்டுக் குடிமக்கள் மட்டுமே: அமெரிக்கா, பிரிட்டன், கனடா, அயர்லாந்து, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா. ஓஹையோவில் புவியியல் பட்டம் வாங்கிய இருபத்திரண்டு வயது இளைஞர் விண்ணப்பிக்கலாம். வாழ்நாளில் ஒரு வகுப்பும் எடுத்திருக்க வேண்டியதில்லை. திருச்சியில் இருபது ஆண்டுகளாக ஆங்கில இலக்கணம் நடத்தும் எம்.ஏ., பி.எட். பட்டதாரிக்கு அந்தக் கதவு திறக்காது. 2010-ல் நடைமுறைக்கு வந்த இந்திய - கொரியப் பொருளாதார ஒப்பந்தத்தில், ஆசிரியர் தகுதிச் சான்றுள்ள இந்தியர்கள் ஆங்கில உதவி ஆசிரியராக வர ஒரு வழி விட்டிருக்கிறார்கள். அது ஒற்றையடிப் பாதை. ராஜபாட்டை அந்த ஏழு நாடுகளுக்குத்தான்.

வெளிநாட்டில் ஆங்கிலம் சொல்லிக்கொடுப்பது என்ற தொழிலைப் புரிந்துகொள்ள இதிலிருந்துதான் தொடங்க வேண்டியிருக்கிறது. அங்கே விலை போவது ஆங்கில அறிவு மட்டும் அல்ல. சொல்லிக்கொடுப்பவரின் பாஸ்போர்ட்டும், பல இடங்களில் முகமும் சேர்ந்துதான் விலை போகின்றன.

இந்தத் தொழிலின் முதல் பக்கங்களில் இருப்பவரோ, இன்றைய விளம்பரங்கள் தேடும் முகத்துக்குக் கொஞ்சமும் பொருந்தாதவர். ரானால்ட் மெக்டொனால்ட், 1824-ல் இன்றைய ஆரிகன் மாநிலத்தில் பிறந்தவர். தந்தை ஸ்காட்லாந்து வணிகர்; தாய் சினூக் பழங்குடித் தலைவரின் மகள். ஜப்பான் தன்னை வெளியுலகத்திலிருந்து பூட்டி வைத்திருந்த காலம் அது. அந்நியர் யாரும் அனுமதியின்றிக் கரையேற முடியாது. மெக்டொனால்டுக்கு அந்த நாட்டைப் பார்த்தே தீர வேண்டும் என்று ஒரு பித்து. 1848-ல் திமிங்கல வேட்டைக் கப்பலிலிருந்து ஒரு சிறு படகில் தனியே இறங்கி, கப்பல் உடைந்து ஒதுங்கியவர் போல நடித்து, ஜப்பானின் வடகோடியிலுள்ள ரிஷிரி தீவில் போய்ச் சேர்ந்தார். பிடித்து நாகசாகிக்குக் கொண்டுபோய் ஓர் இடத்தில் காவலில் வைத்தார்கள்.

அங்கேதான் வேடிக்கை. நாகசாகியில் அரசாங்க மொழிபெயர்ப்பாளர்கள் இருந்தார்கள். அவர்களுக்கு டச்சு தெரியும், ஆங்கிலம் சரியாக வராது. அவ்வப்போது எட்டிப் பார்க்கும் ஆங்கிலக் கப்பல்கள் அவர்களைக் கவலைக்குள்ளாக்கியிருந்தன. கைதியையே வாத்தியாராக்கினார்கள். பதினான்கு பேர் வந்து உட்கார்ந்து படித்தார்கள். சிறைக் கம்பிகளுக்கு இந்தப் பக்கம் மாணவர்கள், அந்தப் பக்கம் ஆசிரியர். ஏழு மாதம்போல் இது நடந்தது. 1849-ல் ஓர் அமெரிக்கப் போர்க்கப்பல் வந்து அவரை மீட்டுச் சென்றது. மாணவர்களில் கெட்டிக்காரரான மொரியாமா எய்னோசுகே, சில ஆண்டுகளில் அமெரிக்கத் தளபதி பெர்ரி கப்பற்படையோடு வந்து ஜப்பானின் கதவைத் தட்டியபோது பேச்சுவார்த்தையில் மொழிபெயர்ப்பாளராக உட்கார்ந்தார்.

கதவு திறந்த பிறகு ஜப்பானுக்கு வாத்தியார்கள் வரத் தொடங்கினார்கள். 1890-ல் மட்சுயே என்ற சிறு நகரத்துப் பள்ளிக்கு வந்தவர் லஃப்காடியோ ஹெர்ன். கிரேக்கத் தீவில் பிறந்து, அயர்லாந்தில் வளர்ந்து, அமெரிக்காவில் பத்திரிகையாளராக இருந்தவர். உள்ளூர்ப் பெண்ணை மணந்து, ஜப்பானியக் குடிமகனாகி, கொய்சுமி யாகுமோ என்று பெயரும் மாற்றிக்கொண்டார். மனைவி சொன்ன பேய்க் கதைகளை ஆங்கிலத்தில் எழுதிப் புகழ் பெற்றார். பிற்பாடு டோக்கியோ பேரரசுப் பல்கலைக்கழகத்தில் ஆங்கில இலக்கியம் போதித்தார். 1903-ல் அவரை அனுப்பிவிட்டு, அந்த இடத்துக்கு லண்டனில் படித்துத் திரும்பிய ஒரு ஜப்பானியரைக் கொண்டுவந்தார்கள். அந்த ஜப்பானியர் நட்சுமே சோசெகி. நவீன ஜப்பானின் மிகப் பெரிய நாவலாசிரியராகப் போகிறவர். ஆங்கிலம் கற்பிப்பது அவருக்குக் கொஞ்சமும் பிடிக்கவில்லை. 1907-ல் பல்கலைக்கழக வேலையை உதறிவிட்டுப் பத்திரிகையில் சேர்ந்துவிட்டார்.

இன்றைய ஜப்பானில் இந்த வேலையின் பெயர் ஜெட். 1987-ல் அரசே தொடங்கிய திட்டம். அமெரிக்காவோடு வர்த்தகச் சண்டை உச்சத்தில் இருந்த நேரம். ஜப்பான் தன் பொருளை விற்கிறது, தன்னைத் திறந்துகாட்ட மறுக்கிறது என்ற பழி இருந்தது. பழியைத் துடைக்கவும், கிராமத்துப் பிள்ளைகள் ஒரு வெளிநாட்டவரோடு பேசிப் பழகவும் என்று இரண்டு நோக்கத்தோடு திட்டம் பிறந்தது. முதல் ஆண்டில் நான்கு நாடுகளிலிருந்து 848 பேர் வந்தார்கள். இப்போது ஐம்பது நாடுகளை ஒட்டி, ஐயாயிரம் பேருக்கு மேல். இவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கு மேல் உதவி மொழி ஆசிரியர்கள். முதல் ஆண்டுச் சம்பளம் நெடுநாள் 33.6 லட்சம் யென்னாக இருந்து, 2025-ல் 40 லட்சத்தைத் தாண்டியது. நம் பணத்தில் ஆண்டுக்கு இருபது லட்சத்துக்கு மேல். விமானக் கட்டணமும் உண்டு. அதிகபட்சம் ஐந்து ஆண்டுகள். அதன் பிறகு வேறு வேலை பார்க்க வேண்டியதுதான்.

டோக்கியோவின் நியான் விளக்குகளைக் கனவு கண்டு விண்ணப்பிப்பவருக்கு, நெல் வயலுக்கு நடுவில் ஐந்நூறு பேர் வாழும் ஊர் கிடைக்கலாம். இடத்தைத் தேர்வு செய்யும் உரிமை அநேகமாக இல்லை. வகுப்பில் தலைமை ஜப்பானிய ஆசிரியருக்குத்தான், வந்தவர் துணை. சில ஆசிரியர்கள் அவரை நம்பிப் பாதி வகுப்பை ஒப்படைப்பார்கள். சிலர் ஒரு பத்தியை வாசிக்கச் சொல்லி, மாணவர்கள் சேர்ந்து திருப்பிச் சொன்னதும், ஓரமாக நிற்கச் சொல்லிவிடுவார்கள். மனித டேப் ரிக்கார்டர் என்று இந்த வேலைக்கு அந்த வட்டாரத்திலேயே ஒரு கேலிப் பெயர் உண்டு. தேர்வுக் காலத்திலும் விடுமுறையிலும் வகுப்பு இருக்காது. ஆனால் ஆசிரியர் அறை மேசையில் ஆஜராகி உட்கார்ந்திருக்க வேண்டும். அந்தப் பொழுதில் ஜப்பானிய மொழியைக் கரைத்துக் குடித்துவிட்ட சாமர்த்தியசாலிகளும் உண்டு.

பழைய பள்ளிக் கட்டடங்களிலும் வாடகை வீடுகளிலும் மைய வெப்பமூட்டி இருக்காது. மண்ணெண்ணெய் அடுப்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு குளிர்காலத்தைத் தள்ள வேண்டும். மதிய உணவை மாணவர்களோடு வகுப்பறையிலேயே உட்கார்ந்து சாப்பிடுவது வழக்கம், பரிமாறுவது மாணவர்களே. நம் ஊர் சைவ உணவுக்காரர்கள் இந்த இடத்தில் கொஞ்சம் யோசிக்க வேண்டும். காய்கறிச் சாறு என்று தெரிவதிலும் மீன் கொதித்த தண்ணீர்தான் அடிச்சாறாக இருக்கும்.

இத்தனையும் மீறி, அந்த ஊர்களோடு ஒட்டிப்போனவர்கள் ஏராளம். டெய்லர் ஆண்டர்சன் அமெரிக்காவின் வர்ஜீனியாவிலிருந்து ஜெட் திட்டத்தில் வந்தவர். இஷினோமாக்கி நகரத்துப் பள்ளிகளில் கற்பித்தார். 2011 மார்ச் 11 நிலநடுக்கத்தின்போது பிள்ளைகளைப் பெற்றோரிடம் ஒப்படைத்துவிட்டுச் சைக்கிளில் வீடு திரும்பியவரைச் சுனாமி அடித்துச் சென்றது. வயது 24. அவருடைய பெற்றோர் தொடங்கிய நினைவு நிதியிலிருந்து, அவர் பணிபுரிந்த பள்ளிகளில் ஆங்கிலப் புத்தக மூலைகள் வைக்கப்பட்டன. புத்தக அலமாரிகளைச் செய்தவர் அந்த ஊர்த் தச்சர் ஒருவர். தம் மூன்று குழந்தைகளையும் அதே சுனாமியில் பறிகொடுத்தவர். அந்தக் குழந்தைகளுக்கும் டெய்லர் பாடம் நடத்தியிருந்தார். அதே நாளில் ரிகுசென்டகாட்டா நகரத்தில் பணியாற்றிய அலாஸ்காக்காரர் மாண்ட்கோமரி டிக்சனும் பலியானார்.

ஜெட் அரசுத் திட்டம். சம்பளம் மாதம் தவறாது. ஜப்பான் போகிற எல்லோருக்கும் அந்தக் கொடுப்பினை இல்லை. 2020-லிருந்து ஐந்தாம், ஆறாம் வகுப்புகளிலும் ஆங்கிலம் முறையான பாடமாகிவிட்டது. ஆள் தேவை கூடியதும் பல நகராட்சிகள், ஒப்பந்த நிறுவனங்களிடம் ஆட்களைக் குத்தகைக்கு எடுக்கின்றன. அங்கே சம்பளம் குறைவு. கோடை விடுமுறையில் சம்பளமே பாதியாகலாம். வாரத்துக்கு இருபத்தொன்பதரை மணி நேரம் என்று கணக்காக ஒப்பந்தம் எழுதி, நிறுவனம் சமூகக் காப்பீட்டுச் சுமையிலிருந்து நழுவிக்கொள்வதும் அங்கே நெடுநாள் ஊரறிந்த தந்திரமாக இருந்தது.

தனியார் பேச்சுப் பள்ளிகளின் கதை இன்னும் ரகளை. ரயில் நிலையத்துக்கு ரயில் நிலையம் கிளை வைத்து, இளஞ்சிவப்பு முயல் ஒன்றைச் சின்னமாக்கி ஜப்பான் முழுக்கப் பரவியிருந்தது நோவா என்ற நிறுவனம். மாணவர்களிடம் மொத்தமாக முன்பணம் வாங்கும். பாதியில் நிறுத்துபவருக்குத் திருப்பித்தரும் கணக்கில் குளறுபடி செய்யும். 2007 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அது தவறு என்றது. ஜூனில் அரசு, புதிய நீண்டகால ஒப்பந்தம் போடுவதற்கு ஆறு மாதத் தடை விதித்தது. முன்பணத்தில் ஓடிய வண்டி அல்லவா, நின்றுவிட்டது. அக்டோபரில் திவால். மூன்று லட்சத்துக்கு மேற்பட்ட மாணவர்களின் பணம் போனது. நான்காயிரத்துக்கு மேற்பட்ட வெளிநாட்டு ஆசிரியர்கள் சம்பளம் இல்லாமல் நின்றார்கள். அவர்களுடைய சம்பளத்திலிருந்து வாடகையைப் பிடித்துக்கொண்ட நிறுவனம் அதை வீட்டுக்காரரிடம் கட்டவில்லை. வீட்டைக் காலி செய்யச் சொல்லிக் கடிதம் வந்த பிறகுதான் பலருக்கு விஷயமே தெரிந்தது. பாடம் நடத்துகிறோம், பதிலுக்குச் சாப்பாடு கொடுங்கள் என்று ஆசிரியர் சங்கம் ஏற்பாடு செய்யும் நிலைமை வந்தது. நிறுவனத் தலைவர் பிற்பாடு பணக் கையாடல் வழக்கில் தண்டனை பெற்றார்.

தென்கொரியாவில் இப்படிப்பட்ட தனிப்பயிற்சி நிலையத்துக்கு ஹக்வோன் என்று பெயர். பள்ளி விட்டதும் பிள்ளைகள் நேராக அங்கேதான் வருவார்கள். இரவு பத்து மணிக்கு மேல் நடத்தக் கூடாது என்று சோல் நகரில் விதி போட வேண்டிய அளவுக்கு அது ஒரு வெறி. அங்கே வாடகையில்லா வீடு தருவது வழக்கம். ஓராண்டு முடித்தால் ஒரு மாதச் சம்பளத்தைப் பணிக்கொடையாகத் தர வேண்டும் என்பது சட்டம். இந்த நல்ல சட்டத்தால் விளைந்த கெட்ட பழக்கம்: பதினோராவது மாதத்தில் ஏதாவது குற்றம் கண்டுபிடித்து ஆசிரியரை வெளியேற்றிவிடும் முதலாளிகள்.

வெளிநாட்டு ஆசிரியர்கள் மீதான சந்தேகம் அங்கே ஒரு காலத்தில் சட்டமாகவே இருந்தது. 2007-லிருந்து அவர்கள் கட்டாய எச்ஐவி பரிசோதனை செய்துகொள்ள வேண்டியிருந்தது. அதே வேலை செய்யும் கொரியர்களுக்கு அது கிடையாது. நியூசிலாந்து ஆசிரியை ஒருவர் மறுத்து ஐ.நா.வின் இனப்பாகுபாட்டு ஒழிப்புக் குழு வரை போனார். 2015-ல் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. 2017-ல் கொரியா அந்த விதியைக் கைவிட்டது. ஏழு நாட்டுப் பாஸ்போர்ட்டும் எல்லா அவமானத்திலிருந்தும் காப்பாற்றுவதில்லை.

சீனாவில் ஒரே அறிவிப்பில் சந்தை கவிழ்ந்தது. 2013-ல் பெய்ஜிங்கில் தொடங்கிய விஐபிகிட் என்ற நிறுவனம், அமெரிக்க, கனடிய ஆசிரியர்களைச் சீனக் குழந்தைகளோடு இணையத்தில் இணைத்துவிட்டது. அமெரிக்காவில் பள்ளி ஆசிரியைகளும் வீட்டில் இருக்கும் தாய்மாரும் விடிகாலை நான்கு மணிக்கு எழுந்து, தலைவாரி, பொம்மையைக் கையில் வைத்துக்கொண்டு கேமரா முன் உட்கார்ந்தார்கள். பல்லாயிரம் பேருக்கு அது வீட்டுக் கடனைக் கட்டும் வருமானம். 2021 ஜூலையில் சீன அரசு, பிள்ளைகளின் பாடச்சுமையைக் குறைப்பது என்ற கொள்கையை அறிவித்தது. பள்ளிப் பாடங்களுக்கு லாப நோக்கில் டியூஷன் கூடாது. வெளிநாட்டில் இருக்கும் ஆசிரியரை வைத்து வகுப்பு நடத்தக் கூடாது. அந்த ஆண்டு முடிவதற்குள் அந்த வேலை காணாமல் போனது.

இந்தத் தொழிலுக்குத் தகுதியே தேவையில்லையா என்று கேட்கத் தோன்றும். தேவை; ஆனால் எட்டாத உயரத்தில் இல்லை. பெரும்பாலான நாடுகளில் ஏதாவது ஒரு பட்டம், குற்ற வழக்கு இல்லை என்ற போலீஸ் சான்று, அதோடு 120 மணி நேரப் பயிற்சிச் சான்று. பயிற்சிகளில் பெயர் பெற்றது கேம்பிரிட்ஜ் வழங்கும் செல்டா. லண்டனில் ஜான் ஹேக்ராஃப்ட், பிரிட்டா ஹேக்ராஃப்ட் தம்பதி 1962-ல் தொடங்கிய குறுகிய காலப் பயிற்சியிலிருந்து வளர்ந்தது அது. ஆறு மணி நேரம் உண்மையான மாணவர்களுக்கு வகுப்பெடுத்துக் காட்ட வேண்டும். பின்வரிசையில் ஒருவர் குறிப்பெடுத்துக்கொண்டே இருப்பார். இணையத்தில் சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கும் 'சர்வதேச' சான்றிதழ்களில் இந்த வகுப்பனுபவம் இருக்காது. நல்ல பள்ளிகள் அதைத்தான் முதலில் கேட்கும்.

அந்தப் பயிற்சி அறைகளில் கற்றுத்தரும் முறைகளில் ஒன்று செயல்வழிக் கற்பித்தல். இலக்கணத்தை நேரே நடத்தாமல், ரயில் அட்டவணையையோ வரைபடத்தையோ கொடுத்து ஒரு வேலையைச் செய்யச் சொல்வது. மொழி தானாக வந்து ஒட்டிக்கொள்ளும் என்பது நம்பிக்கை. இதை முறையாகச் சோதித்துப் பார்த்த உலகின் ஆரம்ப முயற்சிகளில் முக்கியமானது, என்.எஸ். பிரபு தலைமையில் 1979 முதல் 1984 வரை நடந்தது. நடந்த இடங்கள் பெங்களூரு, சென்னை, கடலூர். சாதாரணப் பள்ளிப் பிள்ளைகள்தான் மாணவர்கள். கடலூர்ப் பிள்ளைகளிடம் தேறிய முறையைக் கற்று அமெரிக்க இளைஞர் கொரியாவில் வேலைக்குப் போகிறார். கடலூர்க்காரர் போக முடிவதில்லை.

பாஸ்போர்ட் பேதத்தை எதிர்த்துக் குரல் கொடுத்தவர்களில் முன்வரிசையில் ஒரு யாழ்ப்பாணத் தமிழர் இருக்கிறார். சுரேஷ் கனகராஜா, போர்க்காலத்தில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலம் கற்பித்தவர். அமெரிக்காவில் தயாரான பாடப்புத்தகம் ஒன்று அவருடைய வகுப்பில் பாடமாக இருந்தது. அந்தப் புத்தகத்தின் ஓரங்களில் மாணவர்கள் கிறுக்கியவற்றை அவர் ஆராய்ந்தார்: சினிமா, காதல், போராட்டம். பாடத்திலிருந்த அமெரிக்க வாழ்க்கைக்கும் வெளியே விழுந்த குண்டுகளுக்கும் இடையிலான தூரத்தை மாணவர்களின் பேனாக்களே அளந்து காட்டியிருந்தன. பிறகு அமெரிக்கா சென்று பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார். உலகின் ஆங்கில ஆசிரியர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேர் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்கள் என்று அவர் 1999-ல் எழுதினார். இன்றும் இந்த விவாதத்தில் எல்லோரும் எடுத்துப் போடும் கணக்கு அதுதான்.

இலங்கையிலிருந்தே வந்த இன்னொருவர் ஜார்ஜ் பிரெய்ன். அமெரிக்காவில் படிக்கும்போது ஆங்கிலப் பயிற்றுநர் வேலை கேட்டார், உடனே மறுத்துவிட்டார்கள். அனுபவமே இல்லாத அமெரிக்க வகுப்புத் தோழர்களுக்கு வேலை கிடைத்தது. அவரும் வேறு சிலரும் சேர்ந்து 1998-ல் ஆங்கில ஆசிரியர்களின் உலக அமைப்பான டெசோலுக்குள் ஒரு குழுவை உருவாக்கினார்கள். தாய்மொழிக்காரரா இல்லையா என்று பார்த்து வேலை தருவது பாகுபாடு என்று அந்த அமைப்பு 2006-ல் வெளிப்படையாக அறிவித்தது. விளம்பரங்களில் சொற்கள் கொஞ்சம் மாறின. விசா விதிகள் பெரிதாக மாறவில்லை.

தாய்லாந்தில் இந்தப் பேதத்தைச் சம்பளச் சீட்டிலேயே காணலாம். ஒரே பள்ளி, ஒரே வகுப்பு. பிரிட்டிஷ்காரர் ஒருவருக்கு ஒரு தொகை, பிலிப்பைன்ஸ்காரருக்கு அதைவிடக் கணிசமாகக் குறைவு. பிலிப்பைன்ஸ் ஆசிரியர்கள் அழுதுகொண்டு உட்காரவில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ஜப்பானியர்களுக்கு இணையம் வழியே பேச்சுப் பயிற்சி தரும் பெரிய நிறுவனங்கள் அவர்களை நம்பித்தான் நடக்கின்றன. ஆங்கிலம் படிக்கக் கொரிய மாணவர்கள் பிலிப்பைன்ஸுக்கே விமானம் ஏறுகிறார்கள்.

இந்தியர்களும் தமிழர்களும் இந்த உலகத்துக்குப் புதியவர்கள் இல்லை. நாம் போன வழி வேறு. யாழ்ப்பாணத்து ஆங்கிலப் படிப்பாளிகள் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே மலாயாவுக்குக் குமாஸ்தாக்களாகவும் ஆசிரியர்களாகவும் போனார்கள். எத்தியோப்பியப் பேரரசர் ஹைலே செலாசி காலத்தில், மலைக் கிராமங்களின் பள்ளிகள்வரை இந்திய ஆசிரியர்கள், குறிப்பாகக் கேரளத்தவர், இருந்தார்கள். எழுபதுகளில் எண்ணெய்ப் பணம் பெருகிய நைஜீரியா, இந்தியாவிலிருந்தும் இலங்கையிலிருந்தும் ஆசிரியர்களை வாரிக்கொண்டது. மாலத்தீவில் பாடமொழி ஆங்கிலமானதிலிருந்து, அட்டோல்கள் எனப்படும் பவளத் தீவுக் கூட்டங்களின் பள்ளிகளில் நாகர்கோவில்காரரையும் மதுரைக்காரரையும் பார்ப்பது சாதாரணம். இவர்களை யாரும் 'உச்சரிப்புக்காக' அழைக்கவில்லை. கணக்கும் அறிவியலும் ஆங்கிலமும் ஒழுங்காகச் சொல்லிக்கொடுக்கத் தெரிந்தவர்கள் என்பதற்காக அழைத்தார்கள். தொழில் மரியாதை என்று பார்த்தால், அந்த அழைப்பே கௌரவமானது.

இன்று தமிழ்நாட்டிலிருந்து கிளம்ப நினைக்கும் ஆங்கிலப் பட்டதாரிக்கு நடைமுறையில் திறந்திருக்கும் கதவுகள் இவை. வளைகுடா நாடுகளில் இந்தியப் பாடத்திட்டப் பள்ளிகள்: பி.எட். அவசியம், அனுபவம் இருந்தால் மதிப்பு. மாலத்தீவு: தனிமையைத் தாங்கும் மனம் வேண்டும்; சில தீவுகளை ஒரு நடையில் சுற்றி வந்துவிடலாம். தாய்லாந்து: ஆங்கிலத் தேர்வு மதிப்பெண், ஆசிரியர் கவுன்சிலின் அனுமதி, வேலை அனுமதிச் சீட்டு மூன்றும் தேவை. ஜப்பானின் ஒப்பந்த நிறுவனங்கள்: பன்னிரண்டு ஆண்டுகள் ஆங்கில வழியில் படித்ததற்குச் சான்று கேட்பார்கள். அரசுப் பள்ளியில் தமிழ் வழியில் படித்து, பிறகு ஆங்கிலத்தில் முனைவர் பட்டமே வாங்கியவர் இங்கே கழிபட்டுவிடுவார். ஆங்கில வழிப் பள்ளியில் ஒப்பேற்றியவர் தேறிவிடுவார். அநியாயம்தான், ஆனால் விதி அது.

காகித வேலைக்கு மூன்று மாதமாவது ஒதுக்க வேண்டும். பட்டத்துக்கு மாநில அளவில் சான்றொப்பம் வாங்கி, பிறகு வெளியுறவு அமைச்சகத்தின் அப்போஸ்டில் முத்திரை பெற வேண்டும். அப்போஸ்டிலை ஏற்காத நாடுகளுக்கு அந்தந்தத் தூதரகத்தின் சான்றொப்பம். ஒப்பந்தத்தில் வார மணி நேரம், விடுமுறைச் சம்பளம், திரும்பும் விமானக் கட்டணம், பாதியில் விலகினால் யார் எவ்வளவு கட்டுவது ஆகிய நான்கும் எழுத்தில் இருக்கிறதா என்று பாருங்கள். அந்தப் பள்ளியில் இப்போது வேலை செய்யும் ஆசிரியர் ஒருவரோடு பேசவைக்கச் சொல்லுங்கள். ஒழுங்கான பள்ளி தயங்காது.

சுற்றுலா விசாவில் வாருங்கள், அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்று ஏஜென்ட் சொன்னால் அந்தப் பேச்சை அங்கேயே முடித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் வேலை என்று அழைத்துப் போய், எல்லை தாண்டி மியான்மரின் இணைய மோசடி வளாகங்களில் அடைத்து வைக்கப்பட்டவர்களில் தமிழ்நாட்டு இளைஞர்களும் உண்டு. வெளிநாட்டுக்கு ஆள் அனுப்பும் முகவர், மத்திய அரசிடம் பதிவு செய்தவரா என்பதை இ-மைக்ரேட் தளத்தில் யாரும் பார்க்கலாம். சென்னையில் தமிழ்நாடு அரசின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனமும் இருக்கிறது. பதிவு பெற்ற முகவர் வாங்கக்கூடிய சேவைக் கட்டணத்துக்கு அரசு வைத்திருக்கும் உச்ச வரம்பு 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான். அதற்கு மேல் கேட்பவரிடம் பணத்தையும் கொடுக்காதீர்கள், பாஸ்போர்ட்டையும் கொடுக்காதீர்கள்.